நெற்றி கறுத்த மாப்பிள்ளைக்கு

புது மாப்பிள்ளைக்கு,

எழுப்பத்தான் வந்தேன். நெத்தியோரம் முழுக்கத் தலைச்சாயம் அப்பியிருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்துடுச்சு. தூங்குங்கன்னு விட்டுட்டேன்.

சாயம் பூசுறதுக்கு முன்னாடி முடியோரமா என் களிம்பைத் தடவிக்கோங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "காலுக்குப் பூசுற கருமத்தை முகத்துல தடவுறதா?"ன்னு கேட்டீங்க. இப்ப இந்த மூஞ்சியோட இன்டர்வியூவுக்குப் போங்க. நாற்காலி போட்டு உட்கார வச்சு உடனே வேலை கொடுப்பாங்க!

பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துத் தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சுடும். களிம்பைக் கனமா பூசி, ஊறவிட்டு, ஈரத்துணியால துடைங்க. வெடிச்ச உதட்டுக்கும் கொஞ்சம். சிலுத்துக்கிட்டு நிக்கிற புருவத்துக்கும் ஒரு பொட்டு. காசைக் கொட்டி வாங்கின உங்க கிரீம் கண்ணாடி முன்னாடி கொலு இருக்கட்டும்.

சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கேன். சாப்பாடு அடுப்பு மேல. சாவியை எதிர்வீட்டு டெய்லர்கிட்ட கொடுங்க.

எனக்கு இன்னும் கோபம் தீரலை.

பி.கு: களிம்பு டப்பாவுக்குள்ள கறுப்பு விரல் தடம்! மானஸ்தர் இறங்கி வந்துட்டாரோன்னு பார்த்தா, நெத்திக் கறை அப்படியே இருக்கு. செருப்பு மாட்டக் குனிஞ்சப்பதான் புரிஞ்சுது. துணிக்கடையில நின்னு நின்னு வெடிச்ச என் குதிகால் ரெண்டும் வழவழன்னு இருக்கு, கறுப்புக் கறையோட. நான் தூங்கினதும் திருட்டுத்தனமா பூசத் தெரியுது, கையைக் கழுவிட்டுப் பூசத் தெரியலை. இந்த மூளைக்கு எவன் வேலை கொடுப்பான்?

கறையைத் துடைக்காமத்தான் கடைக்குப் போறேன்.