விரலில் வைத்த சலவைக் குறி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு இன்னும் ராசியாகவில்லை. நீயும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய், அதற்கு அடுத்த வரியிலேயே இருமலுக்கு மருந்து வாங்கியதாகவும் எழுதியிருந்தாய், இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை. சலவைக் கடை ஓடுகிறது. விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இரண்டு பேர் கடைக்கு வந்து ஒரு சின்னப் புத்தகத்தை இலவசம் என்று நீட்டினார்கள். இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். எந்தக் கட்சி என்று கேட்டேன், கட்சியெல்லாம் இல்லீங்க, எல்லாரும் ஓட்டுப் போடணும்னு சொல்ற கதை என்றார்கள். நல்லதை நேராகச் சொல்லாமல் எதற்குக் கதை கட்டுகிறார்கள் என்று அட்டையைப் புரட்டினால் பின்னால் உன் பெயர். சந்தோஷத்தில் இஸ்திரிப் பெட்டியை மறந்து ஒரு தலையணை உறையைப் பொசுக்கிவிட்டேன். பிறகு வாசித்தேன், சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

உன் கதையில் ஒரு சலவைக் கடைக்காரர். துணி மாறாமல் இருக்கக் காலரில் குறி போடுகிற அழியாத மையைத் தேர்தல் அன்று தன் விரலில் வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட்டதாக ஊரை ஏமாற்றுகிறார். வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, என் ஒரு ஓட்டுல என்ன கிழிஞ்சிடப் போகுது என்கிறார். கடைசியில் ஒரே ஓட்டில் அவர் ஆதரித்த ஆள் தோற்று, தெருவுக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாய் வராமல் போகிறது. பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் இதைச் சத்தமாக வாசிக்க, நாற்காலியில் இருந்தவன் பாதிச் சவரத்தோடு சிரித்தான். வாசித்து முடித்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். நம் தெருவுக்குக் குழாய் வராததற்கு நான்தான் காரணம் என்று இரண்டு வாடிக்கையாளர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். கதைதானே என்றால், புத்தகத்துலயே போட்டிருக்கே என்கிறார்கள்.

உனக்கு யார் சொன்னது? முதலில் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓட்டுப் போடற இடத்துல நகத்து மேல கோடா இழுப்பாங்க, நீங்க காலர்ல போடற மாதிரி வட்டமா பொட்டு வச்சுக்கிட்டு வந்து நிப்பீங்க, என் விரலையும் உங்க விரலையும் சேர்த்துப் பார்த்த பிள்ளைக்குத் தெரியாதா என்று கடைசியில் போட்டு உடைத்தாள். ஆக அவளுக்கும் தெரியும். மூன்று தேர்தலாக அம்மாவும் மகளும் தெரியாத மாதிரியே இருந்திருக்கிறீர்கள், இனி இந்த வீட்டில் யாரைத்தான் நம்புவது.

சரி, மை வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோம்பேறித்தனம் என்று எழுதினாயே, அது பொறுக்கவில்லை. நீ எட்டாவது படித்தபோது நடந்த தேர்தலுக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். பட்டியலைப் பார்த்த அதிகாரி, உங்க ஓட்டு காலையிலேயே விழுந்தாச்சே பெரியவரே என்றார். வெறும் விரலைக் காட்டினேன். மறந்திருப்பாரு, வயசாச்சில்ல என்று வரிசையில் யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயதுதான், முடிதான் நரைத்திருந்தது. என் பெயரைச் சொல்லி எவனோ போட்டுவிட்டுப் போய்விட்டான். வெறும் விரலோடு வந்தால் நீ கேட்பாய், அவமானம் பிடுங்கித் தின்றது, நேரே கடைக்குப் போய் மையை எடுத்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். உன் கதையைப் படித்து நாலு பேர் ஓட்டுப் போடப் போகலாம், நல்லதுதான். போயும் போட முடியாமல் திரும்பி வந்தவனைப் பற்றி யார் எழுதுவது?

நேற்று வாக்காளர் பட்டியலைப் பார்க்கப் போனேன், உன் கதைக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. என் பெயர் இருக்கிறது, அதன் கீழே அம்மா, அதன் கீழே நீ. நீ வெளியூர் போய் ஆறு வருஷமாகிறது, உன் பெயர் இன்னும் நம் வீட்டு விலாசத்தில்தான் இருக்கிறது. போன தேர்தலுக்கு நீ வரவில்லை, அங்கேயும் பதிந்துகொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் ஓட்டுப் போடச் சொல்லிவிட்டு நீ எங்கே போட்டாய்? கோபம் கொஞ்சம்தான், பயம்தான் அதிகம். தூரத்தில் இருப்பவர்கள் பெயர்தான் கள்ள ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ரொம்ப வசதி.

நீ நோய்நொடி இல்லாமல், எழுதுகிற கை சளைக்காமல் நீண்ட காலம் வாழவேண்டும். மருந்தை நேரத்துக்குக் குடி. தேர்தல் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு சனிக்கிழமையே ரயில் ஏறு. நான் ஏழு மணிக்கே போய் என் ஓட்டைப் போட்டுவிட்டு வாசலிலேயே நிற்பேன். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருத்தி வந்து நின்றால், இது என் மகள் இல்லை என்று நான் சொல்வதை அங்கே யார் நம்புவார்கள்? நீயே வந்து நில்.

இப்படிக்கு,
உன் அப்பா