ஆறின சாப்பாடு

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. ஸ்டெல்லாவுக்கு ரெண்டாவது கீமோ முடிந்து வீடு வந்தோம். இன்னும் எடை குறைந்தால் அடுத்தது தர முடியாது என்கிறார் டாக்டர். சோறு கொதிக்கிற வாசம் வந்தாலே இவளுக்குக் குமட்டல். மீன்குழம்பு கேட்கவே வேண்டாம். சூடில்லாததைக் கொடுத்துப் பாருங்கள் என்றார். சிரிப்புதான் வந்தது. கப்பலில் பாதி ஆயுசு கோல்டு கிச்சனில் நின்றவன் நான். வெள்ளைக்காரர்களுக்குச் சூடில்லாத தட்டு அடுக்குவதுதான் வேலை. லீவுக்கு வரும்போதெல்லாம் இவளுக்கும் செய்து தருகிறேன் என்பேன். "ஆறினத மனுசன் தின்பானா?" என்று விரட்டுவாள்.

ஜூன் 10
மார்த்தாண்டம் போய் வந்தேன். சீஸ், ஆலிவ், ரொட்டி, வெள்ளரிக்காய். கோழியும் முட்டையும் பக்கத்து வீட்டில் அவித்து வாங்கி, ஆறவைத்து, மெல்லிசாகச் சீவினேன். தக்காளித் தோலில் ரோஜாப்பூ. கைப்பழக்கம், பத்துப் பேருக்கு அடுக்கிவிட்டேன்.
"ஆரு வாறா? பாஸ்டரா?"
"ஆரும் இல்லட்டி. நாம ரெண்டு பேருந்தான்."
கல்யாணமான நாள்முதல் நான் தின்று எழுந்த பிறகுதான் இவள் சாப்பிட உட்காருவாள், அதுவும் அடுக்களையில். இது அப்படியில்லை, ஒரே தட்டில் சேர்ந்து தின்பது என்றேன். வெட்கம். இந்த வயசில்! ஜெபம் பண்ணிவிட்டு ஒரு சீஸ் துண்டு எடுத்தாள்.
"சோப்பு மாதிரி இருக்கு."
இன்னொன்றும் எடுத்தாள். குளியலறைக்குப் போய் அழுதேன்.

ஜூன் 13
மழை. இவளுடைய அக்கா லீலா வந்தாள். நேரே போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அடக்கம் முடியும்வரை துட்டி வீட்டில்தான் அடுப்பு மூட்டமாட்டோம்.
"உயிரோட இருக்கவ வீட்டுல தீ மூட்டாம போட்டிருக்கியளே!"
ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள். "நீ சும்மா இரி அக்கா. நானாக்கும் வேண்டாம்னது."
அக்கா போனதும் தட்டு வைத்தேன். கப்பல் கதை கேட்டுக்கொண்டே இருந்தாள். தட்டு காலி. எவ்வளவு சந்தோஷம். நாளைக்கு பீட்ரூட் வாங்கணும்.

ஜூன் 17, செவ்வாய்
ஆஸ்பத்திரி. எடை குறைந்திருக்கிறது. மிஷின் கோளாறு என்று நானே ஏறிப் பார்த்தேன். எனக்குக் கூடியிருக்கிறது.
இனி கீமோ இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.
ஆட்டோவில் வரும்போதுதான் புரிந்தது. ஒரே தட்டில் யார் எவ்வளவு தின்றார் என்று தெரியாது. நான் வாய் ஓயாமல் கதை சொல்ல, இவள் தன் பக்கத்தில் உள்ளதை என் பக்கம் தள்ளியிருக்கிறாள். நானும் தின்றிருக்கிறேன், மடையன். கோபம், யார்மேல் என்று தெரியவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.
"தட்டு காலியானா உங்களுக்க முகம் தெளியும். அதாக்கும்."

ஜூன் 18
வெயில். துணி எல்லாம் காய்ந்தது.
"இன்னைக்குத் தட்டு வைக்கலியா?" என்றாள். சின்னதாக வைத்தேன். கப்பல் கதையும் சொன்னேன், சொன்னதையே. அவள் பக்கத்திலிருந்து ஒரு முட்டைத் துண்டு மெல்ல நகர்ந்து வந்தது.
தின்றேன்.