அக்கா கேட்ட சீனி

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

இன்று காலை உறுதியான செய்தி இது. சொன்னவர் நம் புக்கிட் செலம்பாவ் சாப்பாட்டுக் கடை செல்வம். நேற்று அவர் கடையில், இனிப்பு நீர் வியாதி உள்ள ஒருவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்திருக்கிறார். செல்வம் ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. ரொட்டி சானாய் சாப்பிட்ட பிறகுதான் அவரை எழவிட்டாராம்.

அன்று நீயும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாய். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். நீ வழக்கம்போல் இன்சுலினைப் போட்டுக்கொண்டு பட்டினியாகப் போனாய். கிளினிக்கில் வரிசை நகரவில்லை. ரத்தத்தில் சீனி இறங்கி, தாங்க முடியாமல் கடைக்கு வந்தாய்.

"சீனி தூக்கலா ஒரு தே ஓ குடுப்பா."

"ஐயோ அக்கா, உங்களுக்குச் சீனி இல்லாத கோசோங்தான் லா. சீனி போட்டேன்னா உங்க பேப்பர்காரத் தம்பி என்னையப் பேப்பர்ல போட்டுடுவாரு."

"அவன் கெடக்கான். கை உதறுது, போடுப்பா."

"இந்த நடிப்பெல்லாம் வேணாம்க்கா!"

கடையே சிரித்ததாம். சீனி இல்லாத அந்தத் தேநீரைப் பாதி குடித்துச் சரிந்தாய். ஆஸ்பத்திரியிலும் கண் திறக்காமலே போய்விட்டாய்.

செல்வத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அக்காவுக்குச் சீனி கொடுக்காதே என்று அவருக்குக் கட்டளை போட்டவன் நான். ஊரார் தவறுகளையெல்லாம் பேப்பரில் எழுதியவன், இதை மட்டும் எழுதாமல் விடலாமா?

"விதிடா, விடு" என்கிறார் அத்தான். விடமாட்டேன்.

செல்வமும் விடவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் சீனி டப்பா வைத்து, மேலே ஓர் அட்டை மாட்டியிருக்கிறார்: "இனிப்பு நீர்க்காரர் நடுங்கினால் உடனே சீனித் தண்ணீர். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்."

அதே அட்டையைக் கோயில் அன்னதானக் கூடத்திலும் மாட்டக் கேட்டேன். விரதம் இருந்துகொண்டே மருந்தும் போடுகிறவர்கள் அங்கே எத்தனை பேர்!

"இனிப்பு நீர்க்காரனுக்குச் சீனியா? பேப்பர்காரரே, ஆளக் கொல்ல வழி சொல்றீங்களா?" என்று கோயில் தலைவர் சிரித்தார். அன்று கடையிலும் இதே சிரிப்புதானே எழுந்தது?

"சிரிச்சு முடிங்க, நிக்கிறேன்" என்றேன். நின்றேன்.

முடிவு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மாட்டக் கூடாது என்றால், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோயில் வாசலில் சீனித் தண்ணீரோடு நான் நிற்பேன். கை நடுங்கி வருகிறவரிடம் ஏன் என்று கேட்கமாட்டேன், அக்கா.

நீ கேட்டதைக் கொடுக்கவிடாத
உன் தம்பி