கொட்டகைச் சுவரில் ஒரு மூன்று

க்ளியர்ஃபோர்க், இண்டியானா
மார்ச் 12, 2006, ஞாயிறு

அன்புள்ள வெண்டலுக்கு,

லவோன் எழுதிக்கொள்வது. நான் நலம். நாயும் நலம். நீயும் உன் அண்ணன் நார்பர்ட்டும் நலமாகத்தான் இருப்பீர்கள். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, மீன் பிடிக்கிறேன் என்று அதற்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது.

"ஒரே வாரம், அண்ணன் வீட்டுக் கூரையச் சரிபண்ணிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நாளையோடு நாலு வாரம் ஆகிறது. இந்த நாலு வாரத்தில் மினசோட்டா முழுவதற்கும் கூரை போட்டிருக்கலாம். அந்த வீட்டில் போன் இல்லாதது உனக்கு வசதியாகப் போய்விட்டது. தூண்டில் கடைக்காரரிடம் இரண்டு தடவை தகவல் சொன்னேன். அவர் சொல்லியிருப்பார், நீதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் கைபேசி காலுறை டிராயரில் கிடக்கிறது. முதல் வாரம் அது அடித்தபோதெல்லாம் எடுத்தேன். யாராவது "மூணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இப்போது உன் கம்பளிக் காலுறைகளையெல்லாம் அதன் மேல் குவித்து வைத்திருக்கிறேன்.

நான் இங்கே படுகிற பாட்டைக் கேள். பதினாறு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். வாந்தி பார்த்திருக்கிறேன், சண்டை பார்த்திருக்கிறேன், ஒரு தடவை புத்தகப் பைக்குள் உயிருள்ள கோழி பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மாதத்தைப் பார்த்ததில்லை. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் படியேறும்போது என் முகத்துக்கு நேரே மூன்று விரலைக் காட்டிவிட்டுத்தான் உட்காரப் போகிறது. ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவனுக்கு மூன்று விரலை மட்டும் நீட்ட வரவில்லை, நாலு காட்டுகிறான். அவன் கணக்குப்படி நம் ஊர் ஜெயித்தே விட்டது.

டேல் கோபெல் செய்திருக்கிற காரியத்தை நீ பார்க்கவில்லை. சாலையைப் பார்த்த தன் கொட்டகைச் சுவரில், தரையிலிருந்து கூரை வரைக்கும், வெள்ளைப் பெயிண்டில் ஒரு மூன்று வரைந்திருக்கிறான். மூன்று நாள் ஏணியில் நின்று வரைந்தான். அது நம்முடைய ஏணி, வெண்டல். அக்டோபரில் இரவல் வாங்கிப் போனது. தன் மகளின் பந்துக்கு மூன்று கொடுக்காத ஆளின் ஏணியிலேயே ஏறி அந்த ஆளைத் திட்டி எழுத ஒரு மனிதனுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ. அவன் மகள் கெண்ட்ராவுக்கு அந்தச் சுவருக்கு அடியில்தான் நிறுத்தம். என் தடத்தில் காலையில் முதலில் ஏறுகிறவளும் சாயங்காலம் கடைசியில் இறங்குகிறவளும் அவள்தான். அவள் மட்டும் விரலைத் தூக்குவதில்லை. குனிந்த தலையோடு ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாள். நம்மேல் அவ்வளவு கோபம் போலிருக்கிறது என்று நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

உனக்கு இது தேவையா என்று அன்றைக்கே கேட்டேன். பெண்கள் கூடைப்பந்து வட்டார இறுதிப் போட்டிக்கு வர வேண்டிய நடுவர் ஒருவரின் கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அதற்கு நீ என்ன செய்வாய். என் பக்கத்தில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாய். சொந்த ஊர் ஆட்டத்துக்கு விசில் ஊதக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நீ. எதிரணியான ஹார்மனின் கோச் வந்து, "வெண்டல்னா எங்களுக்குச் சம்மதம், சொந்த மச்சானையே ஆட்டத்துல இருந்து வெளிய அனுப்புன ஆளாச்சே" என்றதும் உச்சி குளிர்ந்து போய்ச் சட்டை மாற்றக் கிளம்பிவிட்டாய். என் தம்பி அந்தச் சங்கதியை இன்னும் மறக்கவில்லை, அது வேறு விஷயம்.

கடைசி நாலு விநாடி. ஹார்மன் நாற்பத்தெட்டு, நாம் நாற்பத்தைந்து. கெண்ட்ரா மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தாள். பந்து எட்டவில்லை. வளையத்துக்கு ஒரு முழம் கீழே தாழ்ந்து, ஹார்மன் பெண் ஒருத்தியின் தோளில் மோதி, மேலே துள்ளி, வளையத்துக்குள் விழுந்தது. நேரமும் முடிந்தது. மூன்று கிடைத்துச் சமன் ஆகிவிட்டதென்று ஊரே குதித்தது. நீ இரண்டு விரலைக் காட்டினாய். ஒரு புள்ளியில் தோற்றோம். கெண்ட்ராவின் சித்தப்பா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவரும் குதித்ததில் கூரை விளக்குகள்தான் பதிவாகியிருக்கின்றன.

அது ஏன் இரண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மறுநாள் முழுக்கச் சமையலறையில் உருளைக்கிழங்கைப் பந்தாகவும் வடிதட்டை வளையமாகவும் என் தோளை ஹார்மன் பெண்ணின் தோளாகவும் வைத்து நீ நடத்திய பாடம் அப்படி. கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து வளையத்தை நோக்கிப் போகும்போது எதிரணிக்காரியின் விரல் பட்டு உள்ளே விழுந்தால் மூன்று. எட்டாமல் வளையத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டால் அந்த எறிதல் அங்கேயே செத்தது. அதற்கப்புறம் யார் தோளில் பட்டு விழுந்தாலும் இரண்டுதான். இதைப் பாதிரியாருக்கு விளக்கிவிட்டேன். பல் டாக்டருக்கு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா அது மூணுதானே, லவோன்" என்கிறார்கள். தலையை எங்கே போய் முட்டிக்கொள்வது.

பாஸ் என்று ஒன்று வேறு சொன்னாய். தோழிக்குக் கொடுக்கிற பாஸ் என்றால் எட்டியது எட்டாதது என்ற பேச்சே இல்லையாம். கோட்டுக்கு வெளியிலிருந்து வந்த பந்து எதிரணிக்காரி மேல் பட்டு உள்ளே விழுந்தால், விதிப் புத்தகப்படி அது மூன்றுதானாம். அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போய், உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டாய். ஒருவழியாகப் பாடம் முடிந்ததே என்று நான் அதை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

அன்று சாப்பிடும்போது நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். "ஊர்க்காரனுக்குச் சாதகம் பண்ணிட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பயந்துதான் ரெண்டு குடுத்தியா" என்று கேட்டேன். மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டினாய். அந்த வார்த்தைக்காகத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டது தப்பு. இதற்கு மேல் என்னால் எழுத்தில் மன்னிப்புக் கேட்க முடியாது, நேரில் வா.

நாலு வாரத்தில் உன்னிடமிருந்து வந்தது ஒரு அரைப்பக்கக் கடிதம். மீனைப் பற்றி இரண்டு வரி. நாயைப் பற்றி ஒரு வரி. என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கேள்வி, கெண்ட்ரா அந்தப் பந்தை ஒரு கையால் விட்டாளா இரண்டு கையால் விட்டாளா, யாருக்காவது தெரியுமா என்று. ஒரு கையோ இரண்டு கையோ காலோ, எனக்கென்ன தெரியும். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை, பந்து எந்தக் கையிலிருந்து போனது என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. படித்துவிட்டு அதை நாய்ச் சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

வரும் இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை, அணிக்கு விருந்து. வழக்கம்போல ஆளுக்கு ஒன்று சமைத்து எடுத்துப்போவதுதான். பதினொரு வருஷமாகக் கோழியும் நூடுல்ஸும் என் பெயரில்தான் இருக்கும். இந்த வருஷம் பள்ளி வாசலில் ஒட்டியிருந்த தாளில் என் பெயரை அடித்துவிட்டு வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அழவில்லை. ஆனால் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவர்கள்மேல் பாதி, உன்மேல் பாதி.

நடுவர் உரிமத்தைப் புதுப்பிக்கிற படிவம் வந்திருக்கிறது. இனி ஊதப் போவதில்லை என்று தூண்டில் கடைக்காரரிடம் சொன்னாயாமே. கட்டிய பெண்டாட்டி இதை ஒரு தூண்டில் கடைக்காரர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. சரியாகச் சொன்ன தீர்ப்புக்காக இருபத்திரண்டு வருஷ விசிலை யாராவது தூக்கிப் போடுவார்களா. அது ஆணியில் அப்படியே தொங்குகிறது. நீ சொன்னது சரி. சரியாகச் சொன்னவன் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

வெண்டல், கடிதத்தை நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். தபால்தலை தீர்ந்துபோயிருந்தது. இப்போது நினைத்தால் அதுவும் நல்லதுக்குத்தான்.

இன்று சாயங்காலம் கோபெல் கொட்டகை முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்தேன். கெண்ட்ரா இறங்கவில்லை. பேருந்தில் வேறு யாரும் இல்லை. "என்னம்மா, வீடு வந்துடுச்சு" என்றேன். அந்தப் பெரிய மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மிஸ் லவோன், அது ஷாட்டே இல்ல, பாஸ்" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். "டைம் அவுட்ல கோச், நீதான் எறியணும், வேற யாரும் தொடக் கூடாதுன்னாரு. பந்து கைக்கு வந்ததும் பயந்துட்டேன். கூடைக்கு அடியில நம்ம டெஸ்ஸா தனியா நின்னா. ரெண்டு கையால தலைக்கு மேல தூக்கி அவளுக்கு வீசுனேன். மூணு வேணுங்கற நேரத்துல எந்தக் கழுதையாவது உள்ள பாஸ் குடுக்குமா? அது தோள்ல பட்டு உள்ள விழுந்துடுச்சு. நான் தைரியமா எறிஞ்சேன்னு எல்லாரும் கட்டிப் புடிச்சாங்க. அப்பா அழுதாரு. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது? தெனம் ரெண்டு வேள இந்தச் சொவத்தப் பாக்கறேன்."

சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். விருந்தில் அவளுக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்களாம். வாங்கும்போது எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவதாக முடிவு பண்ணியிருக்கிறாள். "அது ஷாட்டே இல்ல, அதனால அவரு ரெண்டு குடுத்ததுதான் சரின்னு சொல்லிடறேன். அப்புறம் மிஸ்டர் வெண்டல யாரும் திட்ட மாட்டாங்க இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

உன்னைக் காப்பாற்றப் போகிறாள், வெண்டல். தன் மானத்தைக் கொடுத்து உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாஸ் என்றால் மூன்று என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. அந்த விருந்துக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவள் உட்கார்ந்த மறு நிமிஷம் யாராவது ஒருவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, அப்படியானால் அது மூன்றுதான் என்று சொல்லத்தான் போகிறார்.

கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தேன், விடத் தோன்றவில்லை. உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாயே, அது ஞாபகம் வந்தது. நாய்ச் சோற்று டப்பாவுக்கு அடியில் கிடக்கிற உன் கேள்வியும் ஞாபகம் வந்தது. கூடைக்கு எறிந்திருந்தால் ஒரு கை, பாஸ் என்றால் இரண்டு கை. நீ என் வார்த்தைக்காகப் போகவில்லை, ஊருக்குப் பயந்தும் போகவில்லை. எனக்கு இப்போதுதான் புரிகிறது, எவ்வளவு மரமண்டை பார். நீ நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். இரண்டு முழங்கையும் சேர்ந்து மேலே போனது கண்ணில் பட்டிருக்கிறது, அது என்ன என்று யோசிப்பதற்குள் உன் விரல் இரண்டைக் காட்டிவிட்டது. அதை வாய்விட்டு என்னிடம் சொல்லியிருந்தால் என்ன. முப்பத்தொரு வருஷம் எதற்குத்தான் ஒரு வீட்டில் இருந்தோம்.

இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் நீ சொன்னது சரி. சொல்லாமல் விட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் நீ அந்த ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், இவள் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நடுவில் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் முடியாது. கண்ணால் பார்த்ததற்குத்தான் நடுவர் தீர்ப்புச் சொல்ல முடியும், ஒரு பெண்ணின் மனசுக்குள் என்ன இருந்தது என்பதற்கு இல்லை. இதைச் சொல்ல எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை. நீயும் அவளும் ஆளுக்கொரு வாக்கியம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் போதும். அதற்கப்புறம் ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் விரல்களை எண்ணிப் பழகிவிட்டேன்.

யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதே, மிஸ்டர் வெண்டல் வந்ததும் முதலில் அவரிடம் சொல் என்றேன். "விருந்துக்குள்ள வந்துடுவாரா" என்று கேட்டாள். வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறேன். பதினாறு வருஷத்தில் என் பேருந்தில் ஏறிய எந்தப் பிள்ளையிடமும் நான் பொய் சொன்னதில்லை.

சாலையில் இன்னும் பனி இருக்கும், பத்திரமாக ஓட்டி வா. நார்பர்ட்டுக்கு என் அன்பைச் சொல். கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

நீ கேட்டிருந்ததற்குப் பதில்: இரண்டு கை.

உன்,
லவோன்