முத்துலிங்கம் அனுப்பிய மருந்து

கொட்டாஞ்சேனை
3.2.1997

என் செல்லத் தம்பி முத்துலிங்கத்துக்கு,

அக்கா சீனியம்மா எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். உன் சுகத்துக்கு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். நீ அனுப்பின குப்பி வந்தது. இருட்டில் பச்சையாக மின்னுது. பக்கத்து வீட்டு ஷபீகா, "அல்லாஹ், மின்மினியப் புடிச்சா அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்கிறாள். இங்கிலாந்து போய்ப் பேராசிரியராகி இத்தனை வருசமாக இதைத்தானா செய்கிறாய்? இது என்ன மருந்து? மச்சான் முழங்காலில் பூசலாமா? பூசினால் மனுசன் இருட்டில் எங்கே போகிறார் என்று எனக்கும் தெரியும்.

அக்கா

லீட்ஸ்
20.2.1997

அன்பு அக்கா,

பூசிவிடாதே! அது சும்மா பார்க்க அனுப்பியது. சரியான மருந்தை ஊசியில் ஏற்றினால், புற்றுக்கட்டியில் மட்டும் போய் ஒட்டி ஒளிரும். டாக்டர் அதை ஸ்கேன் படத்தில் பார்ப்பார். அம்மாவின் கட்டியை யாரும் நேரத்தோடு பார்க்கவில்லையே, அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டேன். ஏப்ரலில் பெரிய கூட்டத்தில் என் மருந்தைக் காட்டப்போகிறேன். ஒருநாள் கொழும்புக்கும் வரும்.

முத்து

கொட்டாஞ்சேனை
15.3.1997

தம்பி,

செவ்வாய்க்கிழமை குண்டு தேடிப் பொலிசும் ஆமியும் எங்கள் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். அலுமாரியில் உன் குப்பியும் கடிதமும் அகப்பட்டன. தமிழ் தெரிந்த பொலிஸ்காரன் சத்தமாக வாசித்தான்: "பெரிய கூட்டத்தில் என் மருந்து. கொழும்புக்கும் வரும்." மற்றவனுக்குச் சிங்களத்தில் 'வெடி பெஹெத்' என்றான். வெடிமருந்தாம். "ஐயா, மேல டாக்டர்னு எழுதியிருக்கே" என்றேன். அது சங்கேதமாம். மச்சானைக் கொண்டுபோய்விட்டார்கள், உடுத்தின சாரத்தோடு. சட்டை கொண்டுபோனேன், ஆளைக் காட்டவில்லை.

பெரிய படிப்புக்காரா, 'மருந்து' என்பதற்குப் பதில் 'மை' என்று எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? அது என்னவென்று யூனிவர்சிட்டித் தாளில் இங்கிலீசில் எழுது. எங்கள் லோயரின் பெக்ஸ் நம்பர் பின்பக்கத்தில் இருக்கு. கெதியாக, ஒரு நாளும் பிந்தாமல்.

அக்கா

லீட்ஸ்
26.3.1997

அக்கா,

பல்கலைக்கழகக் கடிதத்தை லோயருக்கு பெக்ஸ் பண்ணிவிட்டேன். ஏப்ரல் கூட்டத்துக்குப் போகப்போவதில்லை. நானே வந்து சொல்லட்டுமா? ஒரு வரி எழுது.

முத்து

கொட்டாஞ்சேனை
11.5.1997

தம்பி,

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். உன் இங்கிலீசுக் கடிதம்தான் வெளியே எடுத்தது. பொலிஸ் பெரிய ஐயா வாசித்துவிட்டு 'சொரி' என்றாராம்.

வலது கை வாய் வரைக்கும் ஏறாது. நான்தான் சோறு ஊட்டுகிறேன். "கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படி ஊட்டலையே மாப்பிள்ளை" என்று சீண்டினேன். சிரிக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உன் கடிதம் இனி இந்த வாசலுக்கு வரக்கூடாதாம். உன்மேல் கோபமில்லை. தபால்காரனின் மணி கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறார், தம்பி.

இதை ஷபீகா வீட்டிலிருந்து எழுதுகிறேன். வராதே. அடுத்த கூட்டத்துக்காவது போ. அம்மாவுக்காகப் போ.

பதில் போடாதே. நீ எழுதினால் நான் எழுதாமல் இருக்கமாட்டேன்.

அக்கா