நல்லாயியின் வழியோலைக்கு முத்திரை மறுத்தது

வானம் வழங்குக, வாய்க்கால் ஓடுக. ஏழு ஏரிக்கும் இரண்டு மலைக்கும் உடையவராய்ச் செங்கழுநாட்டை ஆண்டருளும் மாமன்னரின் குடைநிழல் குன்றாதிருக்க, அவர்தம் வலக்கையாய் விளங்கும் பேரமைச்சர் மகிழ்நம்பியார் திருமுன்பு, கருங்கரை ஊரின் இவ்வாண்டு முத்திரைக்காரன், ஏரிக்கரைக்குக் கல் சுமக்கும் மூக்கன் மகன் சாத்தையன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. தங்கள் மாளிகையில் யாவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஏரி பாதி நிறைந்திருக்கிறது, கரை நிற்கிறது.

குடத்தில் சீட்டெடுத்து யார் பெயர் வருகிறதோ அவர் ஓராண்டு முத்திரை வைத்திருப்பதும், தம் ஓலையைத் தாமே எழுதுவதும் எங்கள் வழக்கம். நான் தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவன். சொல் முன்பின்னாக விழுந்திருந்தால் பொறுத்தருள்க.

மாமன்னர் முடிசூடிய ஆண்டில் வீட்டுக்கு ஒன்றாக ஒளிக்கல் அருளினார். ஒரு கல்லின் முன் நடப்பது நாட்டிலுள்ள எல்லாக் கற்களிலும் தெரிகிற அந்த அதிசயத்தில், தலைநகர்க் கூத்தும் தூரதேசத்துச் சண்டையும் யாரென்றே தெரியாதவர் சிரிப்பும் ஓயாமல் வருகின்றன. பிள்ளைகள் அதன் முன் உட்கார்ந்தால் சோறு ஆறினாலும் எழுவதில்லை. இதைத் தாங்கள் அறிந்து, ஒவ்வொரு பிள்ளையும் கல்லை விட்டு எழுந்து, கையாலும் காலாலும் செய்யத்தக்க பொழுதுபோக்கு ஒன்றைத் தேடிக்கொள்க என்று ஆடியில் ஆணை விடுத்தீர்கள். அதை நான்தான் ஊர்மந்தையில் படித்தேன். அவ்வளவு நல்ல ஆணை அது.

அதன் கடைசி வரியைத்தான் நான் சரியாக நினைத்துப் பார்க்காமல் படித்துவிட்டேன். தேடிக்கொண்ட பொழுதுபோக்கைப் பிள்ளைகள் ஒளிக்கல்லின் முன் செய்துகாட்ட வேண்டும், பலரும் மெச்சும் பிள்ளைக்கு அரண்மனையிலிருந்து பூமுடி வரும் என்றிருந்தது அந்த வரி.

அதன்பின் நடந்ததைச் சொல்கிறேன். தச்சன் மகன் பம்பரம் விட ஆரம்பித்தான். கல்லின் முன் ஒரு முறை விடுவான், பிறகு யார் யார் பார்த்தார்கள் என்று பார்க்க அந்தி வரை அங்கேயே உட்கார்ந்திருப்பான். வாய்க்காலில் நண்டு பிடித்த ஒருத்தனைப் பார்த்து மற்றவர்கள், "அட கூமுட்டை, இங்க புடிச்சா எவனுக்குடா தெரியும்? கல்லுக்கு முன்னால கொண்டாந்து புடி" என்று சிரித்தார்கள். அவனும் கொண்டுபோனான். செத்த நண்டை எத்தனை தடவைதான் பிடிப்பது?

என் மகள் நல்லாயி ஒருத்திதான் அந்தக் கடைசி வரியைக் காதில் வாங்காதவள். ஏரிக்கரைக்குக் கீழே கசிவுநீர் ஓடும் பள்ளத்தில் மண்ணும் கூழாங்கல்லும் வைத்து அவள் ஒரு குட்டி ஏரி கட்டினாள். கரை உடையும், மறுபடி கட்டுவாள். மடை வைப்பாள், ஓலைத்துண்டால் கதவு செய்வாள், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று குப்புறப் படுத்துப் பார்ப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இருப்பா, தண்ணி இப்பத்தான் திரும்புது" என்பாள். கல் சுமந்து தோள் இற்றுப்போய் வரும் எனக்கு அந்தக் குரல் போதுமாயிருந்தது.

ஒளிக்கற்களை மேற்பார்க்கும் தங்கள் விளக்குநாயகம் கோமான்வேளார் ஊர் ஊராகச் சுற்றி வந்தபோது இதைக் கண்டார். அவர் நல்லவர். அவரும் பள்ளத்தருகே குந்தி உட்கார்ந்து, இந்தப் பிள்ளையைக் கண்டால் நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் கல்லை விட்டு எழுந்து வெளியே ஓடும் என்று மனதாரச் சொன்னார். சொல்லிவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில் ஓர் ஒளிக்கல்லை நட்டார். வரும் பௌர்ணமி விழாவில் அரண்மனை முற்றத்தில் அவள் ஏரி கட்டிக்காட்ட வேண்டும், தலைநகரிலேயே தங்கித் தினமும் கட்ட வேண்டும் என்று என் மனைவி சடைச்சியிடம் கேட்டார். அவள் பூரித்துப்போனாள். "நம்ம புள்ள ராசா முற்றத்துல நிக்கப்போவுது, நீ மூஞ்சிய இப்படி வெச்சிருக்கியே" என்று என்னை ஏசினாள்.

ஐயா, கல் நட்ட பிறகும் நல்லாயி ஏரி கட்டினாள். கட்டிவிட்டுத் திரும்பிக் கல்லைப் பார்ப்பாள். கரை கோணலாகத் தெரிந்தால் இடித்துவிட்டு அழகாகக் கட்டுவாள். கரைமேல் பூ குத்துவாள். ஆனால் தண்ணீர் விடமாட்டாள். ஏன் ஆத்தா என்று கேட்டேன். "விட்டா கலங்கிப் போவுதுப்பா, கல்லுல நல்லா தெரியமாட்டேங்குது" என்றாள்.

அன்றே அந்தக் கல்லைப் பிடுங்கி வைத்தேன். ஊரை விட்டுப் போகும் எவருக்கும் முத்திரைக்காரன் பொறித்த வழியோலை வேண்டும் என்பது விதி. அவள் வழியோலையில் முத்திரை பொறிக்க மாட்டேன் என்று வேளாரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சிந்தித்துப் பார் என்று கனிவாகவே சொல்லி, ஓலையை என்னிடம் விட்டுப் போனார். மகள்தான் என்னோடு பேச்சை நிறுத்தினாள். சடைச்சியிடம், அப்பாவுக்கு என்னைப் பார்த்தால் பொறாமை என்றாளாம்.

இன்று விடிந்ததும் நானே பள்ளத்தில் இறங்கி, எனக்குத் தெரிந்த மட்டும் ஒரு கரை போட்டுத் தண்ணீர் திறந்துவிட்டேன். அவள் வாசலிலிருந்து பார்த்தாள். வந்துவிடுவாள் என்று நினைத்தேன். "கல்லு இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உள்ளே போய்விட்டாள். வீட்டுக் கல்லின் வெளிச்சம் சுவரில் ஆடியது. அவளை நிறுத்திவைத்து நான் எதையும் காப்பாற்றிவிடவில்லை என்பது எனக்கே தெரிகிறது.

ஆகவே தங்கள் திருவுள்ளத்துக்கு விண்ணப்பம்: ஆணை நிற்கட்டும், அதன் கடைசி வரியை அழித்தருள்க. பிள்ளைகள் விளையாடுவதை அரண்மனை ஒரு மழைக்காலமாவது பாராதிருக்க வேண்டும். செய்வீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. பக்கத்து ஊரில் தேர் செய்யும் பிள்ளை ஒன்றை வேளார் பார்த்து வைத்திருப்பதாகக் கேள்வி.

என் அளவில் என் கட்டளை இது. மூக்கன் மகன் சாத்தையன் முத்திரை வைத்திருக்கும் வரை நல்லாயியின் வழியோலை வெற்றோலையாகவே இருக்கும். இத்துடன் அதைத் திருப்பி அனுப்புகிறேன். தைக்குப் பின் முத்திரை வேறு கைக்குப் போகும். அந்தக் கை பொறிக்கும். அவளும் போவாள்.

இப்படிக்கு அறிந்து எழுதினேன். கருங்கரை ஊர் மீன் முத்திரை இவ்வோலையில் மட்டும் பொறித்தேன். ஏரி காக்க, தங்கள் குலம் தழைக்க.