கீழே பூஜ்யம் வந்தால்

ஆகஸ்ட் 4, திங்கள்

சக்கரபாணி சார் ரியல் அனாலிசிஸ் இன்டர்னல் பேப்பரைத் திருத்திக் கொடுத்தார். சங்கிலி விதியின் (செயின் ரூல்) நிரூபணத்துக்கு எனக்குப் பத்துக்குப் பத்து. கைடில் இருந்ததை ஒரு கமா விடாமல் எழுதியிருந்தேன், சும்மாவா! கோட்டக்குப்பத்திலிருந்து வரும் ஃபர்ஹீனுக்கு மூன்று. பாதியில் நிறுத்தி, "வகுக்கும்போது கீழே பூஜ்யம் வரலாம். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாள். பரீட்சைத் தாளில் யாராவது இப்படி எழுதுவார்களா? விழுந்து விழுந்து சிரித்தேன்.

மொத்தத்தில் நான் முதல், அவள் இரண்டாவது. சென்னை கணித முகாமுக்கு முதலில் வருபவர் மட்டும்தான் போகலாம். ஆக, நான்தான்.

ஆகஸ்ட் 5

கேன்டீனில் அவளிடமே கேட்டேன்.

"கீழ இருக்கறது சைபரா ஆயிட்டா என்னா பண்ணுவே தேவு?"

"ஆவாது."

"ஏன் ஆவாது?"

"கைடுல போட்டிருக்குது இல்ல?"

"சரிப்பா" என்று டீயைக் குடித்தாள். அந்த "சரிப்பா"தான் எரிச்சல்.

ஆகஸ்ட் 7

ஏன் ஆகாது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆகும். கடவுளே, ஆகும்! காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். x² sin(1/x) — x பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டே போனாலும் மறுபடி மறுபடி பூஜ்யமாகிறது. கைடு தப்பு. நான் தப்பு. வகுப்பே உருப்போட்டுக்கினு கிடந்தோம், அவ ஒருத்திதான் நின்னு பார்த்திருக்கா. என்ன பொண்ணு அவ!

ஆகஸ்ட் 11

ஃபர்ஹீனிடம் சொன்னதும் துள்ளினாள். "அப்ப வகுக்காமயே எழுதிட்டா?" என்று நோட்டைத் திறந்து, பெருக்கலாகவே கொண்டுபோய் ஆறே வரியில் முடித்துவிட்டாள். பூஜ்யம் வந்தால் வரட்டும், ஒன்றும் கெடாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கணக்கு இவ்வளவு அழகாக இருக்குமா?

"சக்கரபாணி சார்கிட்ட காட்டு" என்றேன்.

"வேணாம்பா. உன் மார்க்கு போயிடும்."

ஆகஸ்ட் 13

நானே போய் என் தாளையும் அவள் நோட்டையும் சார் மேசையில் வைத்தேன். வரி வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"பன்னெண்டு வருஷமா இதத்தாம்மா நடத்திக்கினு இருக்கேன்" என்றார். பிறகு, "எல்லாத் தாளையும் மறுபடி திருத்தணும். முகாமுக்கு ஃபர்ஹீன்தான் போவா. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வெளியே வந்து பாத்ரூமில் நன்றாக அழுதேன்.

ஆகஸ்ட் 14

ஃபர்ஹீனைத் தவிர எல்லோருக்கும் மார்க் குறைந்தது. வகுப்பே என்னைத் திட்டுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சரியான கூட்டம். முண்டியடித்து, சென்னை பஸ்ஸின் ஜன்னல் வழியாக என் பையைப் போட்டு ஃபர்ஹீனுக்கு சீட் பிடித்தேன். பொறாமை இல்லையா? இருக்கு, நிறைய இருக்கு. ஆனால் அவளைவிடத் தகுதியான ஆள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

"தினமும் முகாம் நோட்ஸ போட்டோ எடுத்து அனுப்பறேன் தேவு" என்றாள்.

"நோட்ஸ் வேணாம். உனக்கு எங்க புரியலையோ, அத அனுப்பு" என்றேன்.